முடி ராஜாவுக்கு, பிடி கும்பினிக்கு!

நமது கிருஷ்ணகிரிச் சீமை கும்பினி வசமானது பீரங்கியால் மட்டுமல்ல, பிளவினாலும்தான். நிஜாமையும் மராட்டியரையும் துணைக்குச் சேர்த்துத் திப்புவை மடக்கி, 1792-ல் பாராமகாலைப் பறித்தது கும்பினி. ரீடும் மன்றோவும் வந்து நிலத்துக்கு வரி விதித்தனர். 1799-ல் திப்பு வீழ்ந்ததும், மைசூர்ச் சிம்மாசனத்தில் ஒரு சிறுவனை அமர்த்தி, ஆண்டுக்கு 7 லட்சம் வராகன் கேட்டது. ஒப்பந்தம் ராஜா பெயரில், கட்டியவன் உழவன். 1830-ல் குடிகள் வரிக்கொடுமையை எதிர்த்துக் கிளர்ந்தனர். அதையே சாக்காக்கி 1831-ல் நிர்வாகத்தையும் பிடுங்கிக்கொண்டது. துணைபோன மராட்டியப் பேஷ்வாவின் ஆட்சியோ 1818-லேயே ஒழிந்தது.

இன்று ஓசூர் ஆலைகளில் தமிழ், கன்னடம், தெலுங்கு பேசுவோர் ஒரே ஷிப்டில் உழைக்கிறோம். நிரந்தரம், காண்டிராக்ட் என்றும், உள்ளூர், வெளியூர் என்றும் நம்மைப் பிரிப்பவன் கும்பினியின் பழைய வித்தையையே காட்டுகிறான். தோழர்களே! ஆலையும் வயலும் கைகோத்தால் அந்த வித்தை பலிக்காது.