டெக் என்றால் இரண்டாந்தரமா?

"மாஸ்டர், டெக்குன்னா கடைசியில கராஜ்ல ஸ்பேனர் பிடிக்கிறதுதானே? அதுக்கு எதுக்கு நாலு வருசம் கம்பஸ்?"

பிலிமத்தலாவை டவுனில் ஆட்டோ ஓட்டும் ஒரு தகப்பன் கேட்டது. மகன் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படித்தவன். இசட் புள்ளி வந்துவிட்டது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பம் போட வேண்டும், விருப்பத் தெரிவில் முதலாவதாக எதை எழுதுவது என்று வீட்டில் சண்டை. பையனுக்குப் பொறியியல் தொழில்நுட்பம்தான் வேண்டும். சொந்தக்காரர்களோ, "இஞ்சினியர்னு போடாத படிப்பு எதுக்கு?" என்கிறார்கள். தகப்பன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்.

ஸ்பேனர் பிடிப்பதில் என்ன கேவலம் என்று திருப்பிக் கேட்கத்தான் வாய் வந்தது. ஆனால் அவர் அந்த வேலையை இழிவாக நினைத்துக் கேட்கவில்லை. ஸ்பேனர் பிடித்துத் தேய்ந்த கை அவருடையது. பிள்ளையின் கையும் அப்படியே தேயக்கூடாது என்பதுதான் பேச்சு. அதற்குப் பதில் சொல்வது நம் கடமை.

எங்கள் காலத்தில் இந்தக் குழப்பம் இல்லை. உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் என்ற மூன்றையும் தாண்டியவனுக்குப் பொறியியல் பீடம். தாண்டாதவனுக்குத் தொழில்நுட்பக் கல்லூரி, அல்லது பட்டறை. நடுவில் ஒரு பெரிய பள்ளம். வேலை பார்த்துக்கொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் வருடக்கணக்காக இழுபட்டுப் பட்டம் எடுத்த விடாப்பிடிக்காரர்கள் மட்டும் அந்தப் பள்ளத்தைக் கடந்தார்கள். 2013இல் பாடசாலைகளில் தொழில்நுட்பப் பிரிவு வந்தது. 2015இல் முதல் தொகுதி மாணவர் உயர்தரப் பரீட்சைக்கு அமர்ந்தார்கள். அவர்களுக்கு இடம் கொடுக்கத்தான் பல்கலைக்கழகங்களில் தொழில்நுட்ப பீடங்கள் முளைத்தன. ஸ்ரீ ஜயவர்தனபுரவுக்கும் கொழும்புக்கும் ஹோமாகமை பிட்டிபனையில், றுகுணுவுக்குக் கம்புறுப்பிட்டியில், யாழ்ப்பாணத்துக்குக் கிளிநொச்சியில், தென்கிழக்குக்கு ஒலுவிலில். ஆக, இது இன்னும் பால்பற்கள் விழாத படிப்பு. இதில் பட்டம் வாங்கிப் பதவி உயர்ந்து ஓய்வுபெற்றவர் என்று காட்ட ஊரில் ஓர் ஆள் கிடையாது. தகப்பன்மார் பயப்படுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

சரி, இஞ்சினியர் செய்வதற்கும் இவர்கள் செய்வதற்கும் என்ன வித்தியாசம்? அதைச் சொல்ல நான் அந்தத் தகப்பனுக்குக் கடுகண்ணாவைப் பக்கம் கையைக் காட்டினேன். மழை கனத்தால் அந்த மலைச்சரிவைப் பார்த்துக்கொண்டுதான் கொழும்புக்குப் போகிற பஸ் இறங்குகிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடும்போதெல்லாம் நம் பக்கத்துப் பெயர்கள் அதில் இருக்கின்றன. மண்துகள்களுக்கு இடையில் தண்ணீர் ஏறி அழுத்தம் கூடினால், துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி தளர்கிறது. எந்த அளவில் தளரும், எந்தக் கோணத்தில் சரிவு நிற்கும், எங்கே வடிகால் வெட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டு வடிவமைப்பது பொறியியலாளரின் வேலை. அது கணிதம். அதில் சலுகை கிடையாது.

ஆனால் அந்தக் கணக்குக்கு எண்கள் எங்கிருந்து வருகின்றன? சரிவில் துளை போட்டு நீரழுத்தம் அளக்கும் பீசோமீட்டரை இறக்க வேண்டும். மண் உள்ளுக்குள் நகர்கிறதா என்று பார்க்கும் இன்கிளினோமீட்டரைப் பொருத்த வேண்டும். மழைமானி அனுப்பும் எண் சரியானதா, அல்லது உள்ளே குளவி கூடு கட்டியதால் வந்த எண்ணா என்று கண்டுபிடிக்க வேண்டும். வடிகால் குழாய் அடைத்துக்கொண்டால் ஏன் அடைத்தது என்று அறிந்து, அடுத்த மழைக்கு முன்னால் மாற்று வழி செய்ய வேண்டும். கருவியின் மின்சுற்றும் தெரிய வேண்டும், மண்ணும் தெரிய வேண்டும், அறிக்கை எழுதவும் தெரிய வேண்டும். பொறியியல் தொழில்நுட்பப் பட்டதாரிக்கு உரிய இடம் இது. வரைபடத்துக்கும் மலைக்கும் நடுவில் நிற்கும் ஆள். அந்த ஆள் இல்லாத ஊரில் கணக்கு சரியாக இருக்கும், மலை மட்டும் கீழே வந்துவிடும்.

மண் என்றதும் ஒரு பெயரைச் சொல்லாமல் போக முடியாது. பேராசிரியர் அழகையா துரைராஜா. வடமராட்சிக்காரர். கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்தபோது ரோஸ்கோ, ஸ்கோஃபீல்ட் இருவருடனும் சேர்ந்து களிமண் எப்படி இளகித் தளர்கிறது என்று 1963இல் எழுதிய கட்டுரை, மண்விசையியல் படிக்கும் எவரும் இன்றும் தொட்டுப் போகிற ஒன்று. 'கேம் களிமண்' என்று உலகம் முழுவதும் சொல்லித்தரும் மாதிரிக்கு அடித்தளத்தில் அவர் கையும் இருக்கிறது. அவர் பீடாதிபதியாக இருந்தது பேராதனைப் பொறியியல் பீடத்தில், நம் ஊரிலிருந்து பஸ் ஏறினால் சில தரிப்பிடம் தள்ளி. 1950இல் கொழும்பில் தொடங்கி 1964இல் மகாவலிக் கரைக்கு வந்த பீடம் அது. பிறகு யுத்தகாலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகப் பணிசெய்து 1994இல் மறைந்தார். பேராதனையைப் பார்த்துப் பெருமூச்சு விடும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இவரைத் தெரியும்?

இன்னொரு பக்கம் திரும்பினால் கடலாதெனிய விகாரை. கொழும்பு வீதியிலிருந்து சற்றே உள்ளே, பாறைமேல் 1344இல் எழுந்த கருங்கல் கட்டடம். கட்டியவர் கணேஸ்வராச்சாரி என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. தென்னிந்தியாவிலிருந்து வந்த சிற்பி. அதே காலத்தில் பக்கத்து மேட்டில் செங்கல்லால் லங்காதிலக விகாரையை எழுப்பியவர் ஸ்தபதி ராயர். அங்கே தமிழிலும் கல்வெட்டு உண்டு. அந்த ஆச்சாரி கணக்குப் போட்டவரா, உளி பிடித்தவரா என்று யாரும் பிரித்துக் கேட்கவில்லை. வீதியோரப் பித்தளைக் கடைகளுக்குப் பின்னால் மெழுகு உருகி வெளியேறிய அச்சில் உலோகம் ஊற்றுகிறவர்களிடமும் அந்தப் பிரிவினை இல்லை.

பிரிவினை வந்தது பதவிகளோடு. இதைத் தகப்பனிடம் மறைக்கவில்லை. பட்டயப் பொறியியலாளர் ஆவதற்கும் அரசாங்கத்தின் பொறியியல் சேவைக்குள் நுழைவதற்கும் நேர்வழி பொறியியல் பட்டம்தான். பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்பாடு 1989இல் பிறந்தது. இலங்கை 2014இல் அதில் முழு உறுப்புரிமை பெற்றது. தொழில்நுட்பவியலாளர்களுக்கென்று 2001இல் தனியாகவே சிட்னி உடன்பாடு பிறந்திருக்கிறது. அதாவது உலகம் இவர்களைத் தனித் தொழில்வல்லுநராகத்தான் எண்ணுகிறது, தோற்றுப்போன இஞ்சினியராக அல்ல. நம் அரசாங்கம் செய்த தவறு, பீடங்களைத் திறந்த வேகத்தில் அரச நிறுவனங்களில் இவர்களுக்கான பதவிப் படிகளைக் கட்டாமல் விட்டது. பிள்ளைகளை உள்ளே எடுத்துவிட்டு வெளிவாசலைப் பற்றி அப்புறம் யோசிப்பது நமக்குப் பழகிய வேலைதான்.

கண்டி மாவட்டத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது, கண்டி இல்லை. புசல்லாவையைத் தாண்டி றம்பொடைக்குப் போய்விட்டால் லயத்துப் பிள்ளைக்கு அந்தச் சலுகை. கலஹாவிலும் தெல்தோட்டையிலும் அதே மாதிரி லயத்தில் பிறந்த பிள்ளை, கண்டி நகரத்துப் பெரிய பாடசாலைகளோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டும். தோட்டப்பக்கத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் தொழில்நுட்பப் பிரிவு இருப்பதே அபூர்வம். இருக்கிற இடத்தில் ஆய்வுகூடம் இருந்தால் ஆசிரியர் இல்லை, ஆசிரியர் இருந்தால் கருவி இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில் இயந்திரங்களுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே ஒரு தொகுதி பரீட்சை எழுதி முடித்தது. செய்முறைப் பரீட்சையும் உள்ள பாடத்துக்கு இந்த நிலை.

கம்பஸுக்குப் போன பிறகு விரிவுரை ஆங்கிலத்தில். இதையும் பையனிடம் சொன்னேன். கணிதம் குறைவு என்று நம்பி வருகிறவர்கள் முதல் வருடத்திலேயே திணறுகிறார்கள். இது கணிதத்துக்குப் பயந்தவர்களின் புகலிடம் இல்லை.

ஆகவே விண்ணப்பம் போடும் பெற்றோருக்குச் சொல்கிறேன். பீடத்தின் பெயரைப் பார்த்து எழுதாதீர்கள். எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தத் துறையில் சிறப்புக் கற்கை இருக்கிறது, தொழிற்பயிற்சிக்கு எத்தனை மாதம் அனுப்புகிறார்கள், முடித்த மூத்த மாணவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே விசாரியுங்கள். மலையகத்துக்குப் பேசுகிறோம் என்னும் அரசியல்வாதிகளுக்கும் ஒரு வார்த்தை. பீடம் வேண்டும், வளாகம் வேண்டும் என்று மேடையில் கேட்பது இருக்கட்டும். முதலில் கலஹாவிலும் தெல்தோட்டையிலும் தமிழ்மொழித் தொழில்நுட்பப் பிரிவுக்கு இரண்டு ஆசிரியர்களை நியமித்து, அந்த பிளாஸ்டிக் உறைகளைப் பிரிக்கச் சொல்லுங்கள்.