பீரியட்ஸுக்கு முந்தைய வாரம்: எந்த லீவு கணக்கிலும் வராத நாட்கள்

ராஜபாளையம் பக்கத்துக் கிராமங்களில் விடிவதற்கு முன்பே மில் வேன் வந்து ஹாரன் அடிக்கும். ஸ்பின்னிங் மில்லுக்குள் போனால் எட்டு மணி நேரமும் நடைதான். ஓடும் மெஷின்களுக்கு நடுவே நடந்துகொண்டே அறுந்த நூலை ஒட்ட வேண்டும். அந்த வேலையில் இருக்கும் பெண் ஒருவர் சூப்பர்வைசரிடம், “அண்ணே, நாளைக்கு லீவு வேணும்” என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். காய்ச்சல் என்றால் பிரச்சினை இல்லை. பீரியட்ஸ் என்றால்கூட இன்றைக்கு ஓரளவு புரிந்துகொள்வார்கள். “பீரியட்ஸ் இன்னும் வரலைண்ணே, வர நாலு நாள் இருக்கு, அதான் முடியலை” என்று சொன்னால்?

அப்படி யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் எடுபடாது.

கர்நாடக அமைச்சரவை 2025 அக்டோபரில் மாதம் ஒரு நாள் வீதம் ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்துடன் மாதவிடாய் விடுப்புக்கு ஒப்புதல் கொடுத்தது. அரசு அலுவலகம், ஐடி கம்பெனி, தனியார் தொழிற்சாலை எல்லாம் அதில் வரும் என்று அறிவித்ததும், தமிழ்நாட்டிலும் வரணுமா வேண்டாமா என்ற பேச்சு கிளம்பியது. அந்தப் பேச்சு முழுவதும் ரத்தப்போக்கு நாட்களைச் சுற்றியே இருக்கிறது. ஆனால் பல பெண்களுக்கு மாதத்தின் மோசமான நாட்கள் அதற்கு முந்தைய வாரத்தில்தான் வருகின்றன.

பிஎம்எஸ் என்றால் என்ன?

கருமுட்டை வெளியான பிறகு, அடுத்த பீரியட்ஸ் வரும் வரை சுமார் 2 வாரம். இந்த இடைவெளியில், குறிப்பாகக் கடைசி 5, 6 நாட்களில் மார்பு வலி, வயிறு உப்பல், தலைவலி, தூக்கக் கோளாறு, காரணமே இல்லாத அழுகை, சுருக்கென்று கோபம், எதிலும் பிடிப்பின்மை என்று தொடங்கி, பீரியட்ஸ் வந்த ஓரிரு நாளில் ஸ்விட்ச் அணைத்ததுபோல நின்றுவிடும். இதைத்தான் பிஎம்எஸ் என்கிறார்கள். 1931-லேயே ராபர்ட் ஃபிராங்க் என்ற அமெரிக்க மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். இன்றைய பெயரை 1953-ல் கேத்தரினா டால்டன், ரேமண்ட் கிரீன் என்ற இரண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள் பரவலாக்கினார்கள்.

இந்த அறிகுறிகளில் ஒன்றிரண்டு பெரும்பாலான பெண்களுக்கு இருக்கும், அது நோய் இல்லை. இனிப்பு மேல் ஆசை வருவதும் அப்படித்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துகொண்டு பால்கோவாவைத் திரும்பிப் பார்க்காமல் நடப்பது எந்த வாரத்திலும் கஷ்டம்தான், அதற்கு ஹார்மோனைக் குறை சொல்ல வேண்டியதில்லை. வேலை, படிப்பு, வீட்டு உறவுகளைக் கெடுக்கும் அளவுக்குப் போகும்போதுதான் சிகிச்சை தேவை. மனநிலை மிகக் கடுமையாகப் பாதிக்கப்படும் வகைக்கு பிஎம்டிடி என்று தனிப் பெயர் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் இதை முழு நோயாகவே தன் பட்டியலில் சேர்த்தது. நூற்றில் 3 முதல் 8 பெண்களுக்கு இருக்கலாம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. தினமும் குறித்துவைத்துப் பார்த்த ஆய்வுகளில் இந்த எண்ணிக்கை குறைகிறது.

டெஸ்ட் எடுத்தால் தெரியுமா?

தெரியாது. “ஹார்மோன் டெஸ்ட் எடுத்துப் பார்த்தாச்சு, எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க, அப்ப எல்லாம் மனசுல இருக்குதான்” என்று வீட்டில் முடிவு கட்டுவது இங்கேதான் தவறிப்போகிறது. பிஎம்எஸ் உள்ள பெண்களுக்கும் இல்லாத பெண்களுக்கும் ஹார்மோன் அளவில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. அதே இயல்பான ஏற்ற இறக்கத்துக்குச் சிலரின் மூளை வேறு மாதிரி எதிர்வினை காட்டுகிறது என்பதை 1998-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. டெஸ்ட் நார்மல் என்று வருவதால் பிரச்சினை இல்லை என்று ஆகிவிடாது.

இதற்கு உண்மையான டெஸ்ட் ஒரு காலண்டர்தான். மளிகைக் கடையில் கொடுக்கும் மாதக் காலண்டரே போதும். இரண்டு மாதம், தினமும் இரவு, அன்றைக்கு உடம்பும் மனசும் எப்படி இருந்தது என்று 0 முதல் 3 வரை ஒரு எண் போட வேண்டும். பீரியட்ஸ் தொடங்கிய நாளை வட்டமிட வேண்டும். வட்டத்துக்கு முன்னால் மட்டும் எண்கள் ஏறி, பின்னால் இறங்கினால் அது பிஎம்எஸ். மாதம் முழுக்க ஒரே மாதிரி உயர்ந்தே இருந்தால் தேட வேண்டியது வேறு: மனச்சோர்வு, தைராய்டு, ரத்தசோகை. கடைசியாகச் சொன்னது தமிழ்நாட்டில் சின்ன விஷயமில்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின் 5-வது சுற்றுப்படி, இங்கே 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேல், 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது.

சூப்பர்வைசர் கொடுக்கும் மாத்திரை

2019 ஜூனில் தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசியபோது, பீரியட்ஸ் வலி என்று சொன்னதும் பெயரோ காலாவதி தேதியோ இல்லாத மாத்திரைகளை வேலையிடத்திலேயே கொடுத்தார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். டாக்டர், நர்ஸ் பார்த்துக் கொடுத்ததல்ல. புரொடக்‌ஷன் நிற்கக்கூடாது என்பதற்காகக் கொடுத்தது. அவை இபுபுரோஃபன் போன்ற வலி நிவாரணிகள் என்று தெரியவந்தது. தொழிலாளர்களின் உடல்நலத்தைக் கண்காணிப்போம் என்று மாநில அரசு அப்போது சொன்னது.

அந்த மாத்திரைகளை மாதாமாதம் வெறும் வயிற்றில் போட்டால் வரும் கேடு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவை வயிற்றுவலிக்கானவை. முந்தைய வாரத்தின் எரிச்சலுக்கும் தூக்கமின்மைக்கும் அவற்றால் பயனில்லை. நைட் ஷிஃப்ட் பார்க்கும் பெண்ணுக்கு அந்த வாரத்தின் தூக்கம் ஏற்கெனவே பாதிதான்.

ஒரு நாள் லீவு போட்டால்?

மில் தொழிலாளிக்கு இஎஸ்ஐ இருக்கிறதே, அதில் நோய் விடுப்புக்குப் பணம் வருமே என்று கேட்கலாம். வரும், சம்பளத்தில் 70 சதவீதம். ஆனால் ஒவ்வொரு முறை நோய்வாய்ப்படும்போதும் முதல் 2 நாளுக்குப் பணம் கிடையாது. முந்தைய நோய் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி படுத்தால் மட்டும் விலக்கு. மாதம் ஒருமுறை, ஒன்றிரண்டு நாள் வருகிற பிஎம்எஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் கச்சிதமாக விழுந்துவிடுகிறது. அன்றைய கூலி போகும். நாள் தவறாமல் வந்தால் இன்சென்டிவ் தரும் இடங்களில், ஒரு நாள் லீவு மாத இன்சென்டிவையும் சேர்த்துக் காலி செய்யும். எனவே, முடியாவிட்டாலும் வேனில் ஏறுகிறார்கள். ‘சிடுமூஞ்சி’ என்று பேர் வாங்குவது கூலியை இழப்பதைவிட மலிவு.

சட்டமாக வந்தால் தீருமா என்பதும் எளிய கேள்வி இல்லை. பிஹார் 1992 முதலே அரசு ஊழியர்களுக்கு மாதம் 2 நாள் கொடுத்துவருகிறது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், இதைக் கட்டாயமாக்கினால் பெண்களை வேலைக்கு எடுக்கவே தயங்குவார்கள் என்று கவலைப்பட்டு, அரசின் கொள்கை முடிவுக்கு விட்டுவிட்டது. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் பெண்களின் உழைப்பை நம்பியே ஓடும் நூற்பாலைகளுக்கு அது எந்த அளவு பொருந்தும் என்பது சந்தேகம்தான். இங்கே நின்று யோசிக்க வேண்டியது, லீவு நாளைத் தேர்வு செய்யும் உரிமை யாருக்கு என்பது. ‘ரத்தப்போக்கு நாளில் மட்டும்’ என்று எழுதினால் பிஎம்எஸ் வெளியே நிற்கும். மாதத்தில் எந்த நாளும் எடுக்கலாம், காரணம் கேட்கக்கூடாது என்று எழுதினால் உள்ளே வரும்.

எங்கே போவது, என்ன கிடைக்கும்?

லேசான நிலையில் நடைப்பயிற்சி, நல்ல தூக்கம், காபியைக் குறைப்பது என்று தொடங்கச் சொல்வார்கள். கால்சியம் பற்றி 1998-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. தினம் 1,200 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு மூன்றாவது சுழற்சியில் அறிகுறிகள் 48 சதவீதம் குறைந்தன. மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் 30 சதவீதம் குறைந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். கடுமையான நிலைக்கு, மனச்சோர்வுக்குத் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகளை டாக்டர்கள் பரிந்துரைக்கிறார்கள். பிஎம்டிடிக்கு இவை சில நாட்களிலேயே வேலை செய்யும். மாதத்தின் பின்பாதியில் மட்டும் எடுத்தாலும் போதும் என்ற வசதியும் உண்டு. மெடிக்கல் ஷாப்பில் தானாகக் கேட்டு வாங்கும் மருந்தல்ல இது.

காலண்டரை எடுத்துக்கொண்டு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளில் மகப்பேறு, மகளிர் நலப் பிரிவுக்குப் போகலாம். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. அந்த வாரத்தில் வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் டாக்டர் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். டெலி மானஸ் 14416, மாநில அரசின் 104 இரண்டிலும் இரவு பகல் எந்த நேரமும் பேசலாம்.

மில்லுக்கே போகாமல் வீட்டில் தறி நெய்கிற, தையல் தைக்கிற பெண்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவர்களுக்கு இஎஸ்ஐ கிடையாது, லீவு கேட்க சூப்பர்வைசரும் கிடையாது. அந்த வாரத்தில் வேலை தேங்கினால் கூலி குறையும், அவ்வளவுதான். கர்நாடக மாதிரியில் நாளை ஒரு சட்டம் வந்தாலும் இவர்களுக்கு யார் லீவு கொடுப்பார்கள் என்பதற்கு அதில் பதில் இருக்காது.