பேய் கேக்குக்குச் சாயம் வேண்டாம்

ஒக்ரோபர் பிறந்துவிட்டால் ரொறன்ரோவின் பல்பொருள் அங்காடிகளில் பேய் கேக்குகள் வரிசைகட்டி நிற்கத் தொடங்கிவிடும். கறுப்பு ஐசிங், செம்மஞ்சள் பூசணி, பச்சை முகச் சூனியக்காரி, மேலே ஒரு பிளாஸ்டிக் சிலந்தி. பிள்ளைகள் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று நகர மறுப்பார்கள். வாங்கிவந்து ஒரு துண்டு தின்றால் நாக்கும் உதடும் பல்லும் கறுத்துவிடும். அடித்தொண்டையில் ஒரு கசப்பு நிற்கும். அது சாயத்தின் கசப்பு. வெள்ளை பட்டர் ஐசிங்கைக் கறுப்பாக்கத் துளிக்கணக்கில் சாயம் போதாது, கரண்டிக்கணக்கில் ஊற்றவேண்டும். ஹலோவீனுக்கான அடுக்குக் கேக்கை வீட்டிலேயே செய்யுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு முதற்காரணம் இதுதான்.

அடுக்குக் கேக் நமக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பிறந்தநாள் என்றால் றிபன் கேக்தான். இளஞ்சிவப்பு ஒரு அடுக்கு, பச்சை ஒரு அடுக்கு, நடுவில் பட்டர் ஐசிங். அதைச் செய்யத் தெரிந்த கைக்கு இதுவும் வரும். பட்டரையும் சீனியையும் வெளுக்கும்வரை அடிப்பது, அடுக்குகளின் மேடுகளைச் சீவிச் சமப்படுத்துவது, கோணாமல் அடுக்குவது, இவ்வளவுதான் கைவேலை. மாறுவது நிறம் மட்டுமே. அந்த நிறம் எங்கிருந்து வரவேண்டும் என்பதைத்தான் இந்த வாரம் சொல்ல நினைக்கிறேன்.

கொக்கோவிலிருந்து வரவேண்டும். இயல்பான கொக்கோத் தூள் செம்பழுப்பு நிறமானது, கொஞ்சம் புளிப்பும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெதர்லாந்தைச் சேர்ந்த வான் ஹூட்டன், கொக்கோவைக் காரத்தில் பதப்படுத்தும் முறையைக் கண்டுபிடித்தார். புளிப்புப் போனது, நிறம் ஆழ்ந்தது, பாலில் கலப்பதும் எளிதானது. அதே பதப்படுத்தலை இன்னும் கடுமையாகச் செய்தால் கரிபோன்ற தூள் கிடைக்கும். அதுதான் கறுப்புக் கொக்கோ. ஓரியோ பிஸ்கட்டின் கருமை இந்த வகைக் கொக்கோவால் வருவதே. பேக்கிங் பொருட்கள் விற்கும் கடைகளில் கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்கவேண்டும். கறுப்புக் கொக்கோவில் கொழுப்புக் குறைவு. முழுவதும் அதையே போட்டால் கேக் வறண்டுவிடும், சொக்லேட்டின் மணமும் மங்கிவிடும். அதனால் பாதி கறுப்பு, பாதி சாதாரணக் கொக்கோ. இரண்டாவது, அதில் புளிப்பு இல்லாததால் அப்பச்சோடா தனியே வேலை செய்யாது. புளித்த மோர் சேர்க்கவேண்டும். மோர் இல்லாதபோது ஒரு கோப்பை பாலில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிடம் வைத்தால் போதும்.

அளவுகள் இவை. கோதுமை மா 220 கிராம், சீனி 400 கிராம், கொக்கோ இரண்டும் சேர்த்து 75 கிராம், அப்பச்சோடா இரண்டு தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. இவற்றை அரித்துக் கலந்து, இரண்டு முட்டை, 240 மில்லிலீற்றர் மோர், 120 மில்லிலீற்றர் மரக்கறி எண்ணெய், வனிலா விட்டு அடியுங்கள். கடைசியாக 240 மில்லிலீற்றர் சூடான கடுங்கோப்பி. கோப்பியின் சூட்டில்தான் கொக்கோவின் மணம் எழும்பும்; வெந்தபின் கோப்பிச் சுவை தனியாகத் தெரியாது. கலவை தண்ணீராக ஓடும். பயந்து மா சேர்த்துவிடாதீர்கள், இந்தக் கேக்கின் ஈரப்பதமே அதில்தான் இருக்கிறது. எட்டு அங்குலத் தட்டுகள் மூன்றில் பிரித்து ஊற்றி, 175 பாகை செல்சியசில் 25 முதல் 30 நிமிடம் வேகவிடுங்கள். குத்திய ஈர்க்கு சுத்தமாக வெளியே வந்தால் சரி. ஆறிய அடுக்குகளைச் சுற்றிக்கட்டி ஓர் இரவு பிரிட்ஜில் வைத்தால், மறுநாள் மேற்பகுதியைச் சீவும்போது உதிராது.

ஐசிங்குக்கு 350 கிராம் பட்டர், 450 கிராம் ஐசிங் சீனி, 100 கிராம் கறுப்புக் கொக்கோ, நெகிழ்த்துவதற்குச் சில கரண்டி கிறீம். அடித்து முடித்ததும் அது கறுப்பாக இருக்காது, மண்நிறத்தில் இருக்கும். இங்கேதான் பலரும் அவசரப்பட்டுச் சாயப் போத்தலைத் திறக்கிறார்கள். மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். கொக்கோ கொழுப்பில் ஊற ஊற நிறம் தானாகவே ஆழ்ந்துவிடும். காலையில் எடுத்து இன்னொரு முறை அடித்தால் கருமை வந்திருக்கும்.

அடுக்குகளுக்கு நடுவே ராஸ்பெரி. உறையவைத்த பழம் 300 கிராமை 80 கிராம் சீனியுடன் காய்ச்சி, விதை வடித்து, ஒரு மேசைக்கரண்டி சோள மாவைத் தண்ணீரில் கரைத்து விட்டுக் கெட்டியாக்குங்கள். ஓரத்தில் ஐசிங்கால் ஒரு வரம்பு கட்டிவிட்டு நடுவில் இதைப் பரப்பினால் பக்கத்தால் கசியாது. அதன்மேல் மாதுளை முத்துகளைத் தூவலாம், ஒக்ரோபரில் நல்ல மாதுளை வரும். பிறகு முழுக் கேக்குக்கும் மெல்லிய முதற்பூச்சு. உதிர்த்துகள்கள் எல்லாம் அந்தப் பூச்சில் சிக்கிக்கொள்ளும். அரைமணி நேரம் குளிரவைத்து இறுகியபின் இரண்டாம் பூச்சைக் கனமாகப் பூசினால் முகம் வழுவழுப்பாக வரும்.

இனிப் பேய்கள். இரண்டு முட்டை வெள்ளைக்கருவையும் 110 கிராம் சீனியையும் நுரை நிமிர்ந்து நிற்கும்வரை அடித்து, வட்ட வாய்க் குழலில் நிரப்பி, தட்டில் அழுத்தி மேல்நோக்கி இழுத்துவிட்டால் குட்டிப் பேய்கள். ஒரு கோடிழுத்து இரு முனையிலும் இரண்டிரண்டு பொட்டு வைத்தால் எலும்புகள். 95 பாகையில் ஒன்றரை மணி நேரம் காயவைத்து, அவணுக்குள்ளேயே ஆறவிடுங்கள். கண்களை உருகிய சொக்லேட்டில் பற்குச்சி தொட்டு வையுங்கள். இவற்றைப் பரிமாறும் வேளையில்தான் கேக்கில் ஏற்றவேண்டும்; பிரிட்ஜின் ஈரத்தில் பேய்கள் அழத் தொடங்கிவிடும். பேக்கிங் தாளில் உருகிய சொக்லேட்டால் இலையுதிர்ந்த மரங்களை வரைந்து குளிரவைத்து உச்சியில் நட்டால், ஒன்ராறியோவின் ஒக்ரோபர்க் கடைசியே கேக்கில் வந்து நிற்கும்.

சிலந்திவலைக்கு மாஷ்மெலோவை உருக்கி விரல்களால் நூல்நூலாக இழுத்துச் சுற்றுவது வழக்கம். பார்க்க உண்மையான வலைதான். ஆனால் மாஷ்மெலோவில் ஜெலற்றின் இருக்கும், இங்கே அது பெரும்பாலும் பன்றியிலிருந்து எடுத்தது. சைவக்காரப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் விருந்துக்கு வருகிறார்கள் என்றால் அது வேண்டாம். உச்சியில் சொக்லேட்டும் கிறீமும் சமஎடையில் உருக்கிய கலவையை ஊற்றி, அது இறுகுமுன் வெள்ளைச் சொக்லேட்டால் வட்டத்துக்குள் வட்டமாகக் கோடு போட்டு, நடுவிலிருந்து வெளியே பற்குச்சியால் இழுத்தால் வலை விழுந்துவிடும். எனக்கு இதுவே அதிகம் பிடிக்கும்.

வெட்டிய விரல், கத்தி, வழியும் குருதி என்று கேக் செய்பவர்களும் இருக்கிறார்கள். அதை நான் செய்யமாட்டேன். நம் வீடுகளில் அந்த மேசையைச் சுற்றித் தாத்தாமாரும் அம்மம்மாமாரும் இருப்பார்கள். போரில் உண்மையான குருதியைப் பார்த்து, பங்கருக்குள் இரவுகளைக் கழித்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். அவர்கள் முன்னால் காயத்தை விளையாட்டாக வைக்க எனக்கு மனம் வராது. பேய் வேறு விஷயம். புளியமரத்துப் பேயும் கொள்ளிவாய்ப் பிசாசும் அவர்களுடைய சொந்தச் சொத்து. பேரப்பிள்ளைகள் கேக்கில் ஒரு பேயைக் கண்டு கேள்வி கேட்டால், அம்மம்மாவிடம் இரவு முழுக்கச் சொல்லக் கதை இருக்கிறது.

இறந்தவர்களின் நாளில் இனிப்புச் செய்வது பழைய வழக்கம். அயர்லாந்தில் ஹலோவீனுக்கு உலர்ந்த பழங்கள் போட்ட பாம்பிராக் ரொட்டி உண்டு. அதற்குள் ஒரு மோதிரத்தை மறைத்து வைப்பார்கள், அது யாருடைய துண்டில் அகப்படுகிறதோ அவருக்குக் கல்யாணம் என்பது நம்பிக்கை. இங்கிலாந்தில் நவம்பர் 2 அன்று வாசலுக்கு வந்து இறந்தவர்களுக்காகச் செபிக்கும் ஏழைகளுக்குச் சிறு கேக்குகள் கொடுத்தார்கள். மெக்சிக்கோவில் அதே நாட்களில் மேலே எலும்பு வடிவம் வைத்த இனிப்பு ரொட்டி சுடுகிறார்கள். திவசத்தன்று போனவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கும் நமக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை. 2024இல் தீபாவளியும் ஹலோவீனும் ஒக்ரோபர் 31 என்ற ஒரே நாளில் வந்தன. ஒரே மேசையில் அரியதரமும் பேய் கேக்கும் இருக்கலாம், இரண்டுக்கும் இடம் உண்டு.

வேலைக்குப் போகிறவர்கள் மூன்று மாலைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் மாலை அடுக்குகள், ஐசிங். இரண்டாம் மாலை ராஸ்பெரியும் பேய்களும். பேய்களைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் கெடாது. மூன்றாம் மாலை அடுக்கிப் பூசுவது. பிள்ளைகளுக்குக் கண் வைக்கும் வேலையைக் கொடுங்கள், கோணல் கண் வைத்த பேய்தான் நல்ல பேய். வரும் பிள்ளைகளின் பெற்றோரிடம் முட்டை, பால், கடலை ஒவ்வாமை பற்றி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சாயப் போத்தலைக் கடைத்தட்டிலேயே விட்டுவிட்டு, அந்தக் காசுக்கு நல்ல கறுப்புக் கொக்கோ ஒரு பொதி வாங்கி வாருங்கள்.