கங்காரு தெரியும், தேவாங்கு தெரியுமா?

கங்காரு எந்நாட்டு விலங்கு என்று கேட்டால், சிறு குழந்தையும் "ஆஸ்திரேலியா" என்று பட்டெனச் சொல்லும். ஆனால் நம் மதுரை மாவட்டத்திலேயே வாழும் தேவாங்கை எத்தனை பேர் அறிவோம்? மெலிந்தவரைக் கேலி செய்யத்தானே அதன் பெயரைச் சொல்கிறோம்! இரவெல்லாம் விழித்துப் பூச்சிகளைத் தின்று உழவருக்கு உதவும் அந்தச் சாதுவான பிராணியை, மாந்திரீகத்திற்கென்று பிடிப்பவரும் உண்டு. அதைக் காக்கவே 2022-இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் சரணாலயம் அறிவிக்கப்பட்டது.

அதே ஆண்டில், மேலூர் அருகேயுள்ள அரிட்டாபட்டி தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாயிற்று. தேவாங்கும் அழுங்கும் வாழும் அக்குன்றுகளில், ராஜாளி முதலாகச் சுமார் 250 வகைப் பறவைகள் உள்ளன. 2024-இல் அங்கே டங்ஸ்டன் சுரங்கம் வருமென்றதும் மக்கள் திரண்டெழுந்தனர். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தம் வயலுக்காகவும் கோயிலுக்காகவும் மட்டுமன்றி, அவ்வுயிர்களுக்காகவும் அவர்கள் வாதாடினர். அறிந்திருந்ததால் அன்றோ அது முடிந்தது?

அலங்காநல்லூர் என்றதும் காளையை மட்டும் சொன்னால் போதுமா? தோழியரே, விடுமுறையில் பெற்றோருடன் கண்மாய்க் கரைக்கும் மலையடிவாரத்துக்கும் செல்லுங்கள். கல்லெறியாமல், கூட்டைத் தொடாமல், அமைதியாக நின்று பாருங்கள். கண்டதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். பெயர்கூடத் தெரியாத உயிருக்காக யார்தான் பரிந்து பேசுவார்?