தீவு வேஷம் போட்ட கப்பலும் பாதிக் கதையும்

இரண்டாம் உலகப்போர் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இந்தக் கதையை எடுத்து விடுவார். ஒரு டச்சுக் கப்பல் மரக்கிளைகளை வெட்டி மேலே போட்டுக்கொண்டு, தீவு மாதிரி வேஷம் கட்டி, ஜப்பான்காரன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஆஸ்திரேலியாவுக்குத் தப்பிவிட்டதாம்! கேட்பவர்கள் சிரிப்பார்கள். "ஜப்பான்காரன் அவ்வளவு முட்டாளா?" என்பார்கள். கதை முடிந்தது.

கதை உண்மைதான். ஆனால் பாதிதான் உண்மை. மீதியை முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது போல மறைத்துவிடுகிறார்கள்.

கப்பலின் பெயர் ஆபிரகாம் கிரைன்சென். 1937-ல் டச்சுக் கடற்படையில் சேர்ந்தது. 56 மீட்டர் நீளம், 525 டன், 45 பேர். கடலுக்கடியில் கம்பியில் கட்டி மிதக்கவிட்ட கண்ணிவெடிகளின் கம்பியை அறுத்து, அவை மேலே வந்ததும் சுட்டு வெடிக்கவைப்பதுதான் இதன் வேலை. போர்க்கப்பலோடு மோதக் கட்டியதல்ல. ஒரே ஒரு 3 அங்குல பீரங்கியை வைத்துக்கொண்டு யாரோடு மோதுவது?

1942 பிப்ரவரி 27 ஜாவா கடல் சண்டையில் நேச நாடுகள் தோற்றன. மிஞ்சிய கப்பல்களுக்கு ஆஸ்திரேலியா போகச் சொல்லி உத்தரவு. மார்ச் 6 அன்று சுரபயாவிலிருந்து கிளம்பிய கிரைன்சென், கிளைகளால் மூடி, மூடாத இடத்தில் பாறை மாதிரி பெயிண்ட் அடித்துக்கொண்டது. பகலெல்லாம் கரையோரம் நங்கூரம் போட்டு அசையாமல் கிடந்தது. இரவில் மட்டும் நகர்ந்தது. நகர்கிற தீவைக் கண்டால் யாருக்கும் சந்தேகம் வருமே! இலைதழையை விட, பகல் முழுக்க அசையாமல் இருந்த அந்தப் பொறுமைதான் பெரிது. மார்ச் 20 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜெரால்ட்டன் போய்ச் சேர்ந்தது.

இப்போது கணக்குக்கு வருவோம். அங்கே இதே ரகக் கப்பல்கள் மொத்தம் நான்கு. பீட்டர் டி பிட்டர், ஈலண்ட் டுபாய்ஸ் இரண்டையும் எதிரி கையில் சிக்கக்கூடாது என்று டச்சுக்காரர்களே மூழ்கடித்தார்கள். யான் வான் ஆம்ஸ்டெலை மார்ச் 8 அன்று மதுரா நீரிணையில் அராஷியோ என்ற ஜப்பானிய நாசகாரிக் கப்பல் மூழ்கடித்தது. நான்கில் தப்பியது ஒன்று. வரவை மட்டும் எழுதி நஷ்டத்தை எழுதாத கணக்கை எந்த ஆடிட்டராவது ஒப்புக்கொள்வாரா? ஜப்பான்காரன் முட்டாள் என்றால் யான் வான் ஆம்ஸ்டெல் ஏன் கடலுக்கடியில் கிடக்கிறது?

தப்பியதோடும் கதை முடியவில்லை. 1942 செப்டம்பரில் ஆஸ்திரேலியக் கடற்படையில் சேர்ந்து, சரக்குக் கப்பல்களுக்குத் துணையாகப் போய்வந்தது. 1943 ஜனவரி 26 அன்று நீர்மூழ்கி இருப்பதாக நினைத்து ஆழ்நீர்க் குண்டு போட்டார்கள். நீர்மூழ்கி இருந்த தடயமே கிடைக்கவில்லை. அவசரத்தில் போட்ட குண்டுகளில் சொந்தக் கப்பலின் ரிவெட்டுகள்தான் ஆட்டம் கண்டன. ஒரு வாரம் உலர்துறையில் ரிப்பேர். நிஜப் போர் பெரும்பாலும் இப்படித்தான்... அலுப்பு, பயம், ரிப்பேர்.

கடைசியாக, யாருமே சொல்லாத பக்கம். 1945 ஆகஸ்டில் இந்தோனேசியர்கள் விடுதலை அறிவித்தார்கள். டச்சுக்காரர்கள் விட மனமில்லாமல் திரும்பி வந்தார்கள். அந்த விடுதலைப் போராட்டத்துக்கு எதிரான ரோந்துக்கு இதே கிரைன்செனும் போனது. அதை ஒளித்துவைத்த அதே தீவுகளின் மக்களுக்கு எதிராக!

அதற்காக அந்த 45 பேரின் துணிச்சல் பொய்யாகிவிடாது. ஆனால் துணிச்சலைச் சொல்கிறவர்கள் மூழ்கிய கப்பலையும், அடிமைப்பட்ட மக்களையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இன்று டென் ஹெல்டர் கடற்படை அருங்காட்சியகத்தில் அந்தக் கப்பல் எந்த வேஷமும் இல்லாமல் நிற்கிறது. இலைதழை இன்னும் போகாமல் இருப்பது அதன் கதைமேல்தான்.