அப்பாவுக்கு 26 படி: தென்காசிக்கு ஏன் ஒரு டிரைவ்-இன் வேணும்?

(நீளமான த்ரெட். டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.)

ஓபிக்கு வர்ற 65 வயசு தாண்டினவங்ககிட்ட பிபி, சுகர் எல்லாம் பாத்து முடிச்சதும் ஒரு கேள்வி கேப்பேன். "கடைசியா தியேட்டர்ல என்ன படம் பாத்தீங்க?"

சும்மா பேச்சுக்குக் கேக்க ஆரம்பிச்சது. இப்போ அது என் பரிசோதனையில ஒரு பகுதி ஆயிடுச்சு. "படையப்பா"ன்னு சொல்றவங்க நிறைய. "சந்திரமுகி, மருமவன் கூட்டிட்டுப் போனாரு." ஆலங்குளம் பக்கத்துல இருந்து வர்ற ஒரு அண்ணாச்சி ரொம்ப நேரம் யோசிச்சிட்டு "முதல் மரியாதை"ன்னார். அது 1985. சுரண்டை ஆச்சி ஒருத்தங்க சிரிச்சிட்டே சொன்னாங்க: "அவுக போன பொறவு நான் எந்தத் தேட்டருக்குய்யா போனேன்?"

நான் கேக்குறது படத்தைப் பத்தி. பதில்ல வர்றது முழங்கால், மூத்திரப்பை, கண்புரை, தனிமை.

என் வீட்டு பதிலையும் சொல்லிடறேன். அப்பா மின்வாரியத்துல லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆனவர். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் பக்கம் அவர் ஏறாத கம்பம் கிடையாது. எந்த ஊர்க் கொட்டகையிலயும் ஆபரேட்டர் அவருக்கு சிநேகிதம். அதனால நான் சின்ன வயசுல பாதிப் படம் ப்ரொஜெக்டர் ரூம் வாசல்ல நின்னு பாத்தவன்.

மூணு வருஷம் முன்னாடி அப்பாவுக்கு ஸ்ட்ரோக். வலது பக்கம் கை கால் பலவீனம், பேச்சு பெரும்பாலும் போயிடுச்சு. புரியும், சொல்ல வராது. மருத்துவத்துல அஃபேசியான்னு சொல்லுவோம். பிசியோதெரபி பண்ணி, வாக்கர் பிடிச்சு பத்தடி நடக்குற அளவுக்கு வந்தார்.

2024 செப்டம்பர் கடைசியில 'மெய்யழகன்' ரிலீஸ். டிவியில ட்ரெய்லர் பாத்துட்டு அப்பா கையைக் காட்டினார். சரி, போலாம்னு கிளம்பினோம். எந்த தியேட்டர்னு சொல்ல மாட்டேன், அவசியமும் இல்ல. எங்க போயிருந்தாலும் அநேகமா இதேதான் நடந்திருக்கும். டிக்கெட் கவுன்ட்டர்ல இருந்து ஹாலுக்கு 26 படி. சாய்வுப் பாதை கிடையாது. "நாலு பேரா தூக்கிடலாம் சார்"னு அங்க இருந்த பையன் அன்பாத்தான் சொன்னான். அப்பா படியைப் பாத்தார். அப்புறம் என்னைப் பாத்துத் தலையை ஆட்டினார். வேண்டாம்.

வாழ்க்கை பூரா கம்பம் ஏறின மனுஷன். நாலு பேர் தூக்கிட்டுப் போறதுன்னா நம்ம ஊர்ல அதுக்கு ஒரு அர்த்தம்தான் உண்டு. அது அந்தப் பையனுக்குத் தோணல. எனக்குத் தோணுச்சு. வண்டியைத் திருப்பி பிரானூர் பார்டர்ல பரோட்டா வாங்கிட்டு வீட்டுக்கு வந்துட்டோம்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. அப்பதான் டிரைவ்-இன் எப்படி ஆரம்பிச்சதுன்னு படிச்சேன். அமெரிக்காவுல நியூ ஜெர்சி மாநிலத்துல கேம்டன்னு ஒரு ஊர். ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட்னு ஒருத்தர் 1933 ஜூன் 6 அன்னிக்கு உலகத்தின் முதல் டிரைவ்-இன் தியேட்டரைத் திறந்தார். இதுக்குப் பின்னாடி ஒரு கதை சொல்லுவாங்க. அவரோட அம்மா பருத்த உடம்புக்காரங்க. தியேட்டர் சீட்டுல வசதியா உக்கார முடியாது. மகன் என்ன செஞ்சார்? வீட்டு முற்றத்துல காரை நிறுத்தி, பானெட் மேல ப்ரொஜெக்டரை வச்சு, மரத்துல திரை கட்டிப் பாத்தார். மழை பெஞ்சா எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க, புல்லுக்குத் தண்ணி தெளிக்கிற ஸ்ப்ரிங்க்ளரைக் கார் மேல திருப்பி விட்டாராம்.

இதைப் படிச்சதும் எழுந்து உக்காந்துட்டேன். காதலர்களுக்கும் காரு வச்சிருக்கிற பணக்காரங்களுக்குமான விஷயம்னுதான் நான் டிரைவ்-இன்னை நெனச்சிட்டிருந்தேன். சீட்டுல அடங்காத ஒரு அம்மாவுக்காகப் பொறந்ததுன்னு அந்தக் கதை சொல்லுது. 1950கள் கடைசியில அந்த நாட்டுல கிட்டத்தட்ட 4,000 டிரைவ்-இன் இருந்துச்சு. அப்புறம் நிலத்தோட விலை ஏறி, வீட்டுக்குள்ள டிவியும் வீடியோவும் வந்து, பெரும்பாலும் மூடிட்டாங்க. 2020ல கொரோனா வந்தப்போ லிதுவேனியாவுல விமானமே பறக்காத ஏர்போர்ட்ல திரை கட்டி, கார்ல உக்காந்து படம் பாத்தாங்க.

நம்ம நாட்டுல அகமதாபாத்ல 1973லயே ஒண்ணு வந்துடுச்சு. தமிழ்நாட்டுக்காரங்களுக்கு டிரைவ்-இன்னா சென்னை ஈசிஆர் பிரார்த்தனா. (பழைய சென்னைக்காரங்களுக்கு டிரைவ்-இன்னா உட்லண்ட்ஸ்ல நெய் ரோஸ்ட். 2008ல மூடின அந்த ஓட்டல் இடத்துலதான் இப்போ செம்மொழிப் பூங்கா இருக்கு.) ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ பிரார்த்தனாவுக்கு ஒரு தடவை போனேன். என்கூடப் படிச்சவனோட அம்மாவுக்கு ரூமட்டாய்டு மூட்டுவாதம். முன் சீட்டைப் பின்னால சாய்ச்சு, முட்டிக்கு அடியில தலையணை வச்சு, புளியோதரை டப்பாவை மடியில வச்சுக்கிட்டு முழுப் படம் பாத்தாங்க. நடுவுல தூங்கி எழுந்தாங்க. நாங்க கார் முன்னாடி பாய் விரிச்சுப் படுத்திருந்தோம். அன்னிக்கு என்ன படம்னு இப்போ ஞாபகம் இல்ல. அந்தம்மா கால் நீட்டி உக்காந்திருந்தது மட்டும் அப்படியே நிக்குது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். திறந்தவெளியில படம் பாக்குறதை நமக்கு யாரும் சொல்லித் தரணுமா? 1905ல திருச்சியில ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்ட இருந்து ப்ரொஜெக்டரை வாங்கி ஊர் ஊரா படம் காட்டப் புறப்பட்ட சாமிக்கண்ணு வின்சென்ட் நம்ம ஆளு. அப்புறம் வந்த டூரிங் டாக்கீஸ்ல பகல் காட்சி கிடையாது. கூரைக் கொட்டகைக்குள்ள வெளிச்சம் வருமே. ஒரே ப்ரொஜெக்டர்ங்கிறதால ரீல் மாத்த மாத்த மூணு நாலு இடைவேளை. இன்னிக்கு ப்ராஸ்டேட் வீங்கின என் பேஷன்ட்டுக்கு அந்த இடைவேளை எவ்வளவு பெரிய வரம்னு யோசிச்சுப் பாருங்க!

அதைவிட எனக்குப் பிடிச்சது கொடை விழாப் படம். அம்மன் கோயில் கொடைன்னா வில்லுப்பாட்டு முடிஞ்சு மறுநாள் ராத்திரி 16 எம்எம் படம் போடுவாங்க. ரெண்டு மூங்கில், ஒரு வெள்ளைத் துணி. முன்னாடி இடம் கிடைக்காதவங்க திரைக்குப் பின்னாடி உக்காருவோம். பேரெல்லாம் தலைகீழா, இடம் வலமாத் தெரியும். எம்.ஜி.ஆர் இடது கையால வாள் வீசுவார். பக்கத்து ஊர்ல இருந்து மாட்டு வண்டி கட்டிட்டு வர்றவங்க மாட்டை அவிழ்த்துட்டு வண்டியிலயே உக்காந்து பாப்பாங்க. எங்க அப்பாவைப் பெத்த ஆச்சி, இடுப்பு எலும்பு முறிஞ்சு நடக்க முடியாம இருந்தவங்க, வைக்கோல் பரப்பின வண்டியில படுத்தபடியே படம் பாத்ததை நான் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். ஹாலிங்ஸ்ஹெட் அம்மாவுக்குக் காரு, எங்க ஆச்சிக்கு மாட்டு வண்டி!

ரொம்ப உருகவும் வேண்டாம். 1979ல தூத்துக்குடியில ஒரு கூரைக் கொட்டகை தீப்பிடிச்சு எத்தனையோ உயிர் போச்சு. கொட்டகைக்குள்ள பீடிப் புகை. கொடைப் படத்துல யாரு எங்க உக்காரலாம்னு ஊருக்குள்ள எழுதாத சட்டம் ஒண்ணு இருந்துச்சு, அது எல்லாருக்கும் தெரியும். அந்தக் காலம் திரும்பி வரணும்னு நான் கேக்கல. அந்த வண்டி நின்ன இடம் மட்டும் வேணும்.

மருத்துவராவும் கொஞ்சம் பேசிடறேன். இங்கிலாந்துல 50 வயசு தாண்டினவங்க ரெண்டாயிரம் பேருக்கு மேல பத்து வருஷம் தொடர்ந்து பாத்த ஒரு ஆய்வு 2018ல வந்துச்சு. சினிமா, நாடகம், அருங்காட்சியகம்னு சில மாசத்துக்கு ஒரு தடவையாவது வெளிய போறவங்களுக்கு மனச்சோர்வு வர்றது 32 சதவீதம் குறைவு, மாசம் ஒரு தடவையோ அதுக்கு மேலயோ போறவங்களுக்கு 48 சதவீதம் குறைவு. இதை வச்சு 'சினிமா பாத்தா டிப்ரஷன் போயிடும்'னு ஃபார்வர்டு பண்ணிடாதீங்க. உடம்பும் மனசும் ஏற்கெனவே நல்லா இருக்கிறவங்கதான் வெளிய போறாங்கங்கிற வாதமும் இருக்கு. ஆனா ஓபியில நான் பாக்குறது அதோட ஒத்துப்போகுது. வெளிய போறதை நிறுத்தினவங்க முதல்ல சிரிப்பை நிறுத்துறாங்க, அப்புறம் சாப்பாட்டை.

ஏன் நிறுத்துறாங்க? வயசாக ஆகக் கண்ணு இருட்டுக்குப் பழக அதிக நேரம் பிடிக்கும். விளக்கணைச்ச பிறகு படியில இறங்கினா விழுவாங்க. மூணு மணி நேரம் உக்காந்துட்டுச் சட்டுனு எழுந்தா பிபி இறங்கித் தலை சுத்தும். காது கேக்கும் கருவி வச்சவங்களுக்கு அந்த டால்பி சத்தம் சித்திரவதை. நீர் போகும் மாத்திரை சாப்பிடறவங்களுக்கு அவசரம். (வெளிய போற அன்னிக்கு அந்த மாத்திரை நேரத்தைத் தள்ளி வைக்கலாமான்னு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. நீங்களா நிறுத்திடாதீங்க.)

இதுல எதுவுமே தீராத வியாதி இல்ல. தியேட்டர்ல வெளிய போற வழியோட ஒரே மட்டத்துல ஒரு வரிசை சீட்டு. ஒரு சாய்வுப் பாதை. மாசம் ஒரு காலைக் காட்சி, சத்தம் பாதி, விளக்கு மங்கலா எரியணும், ரெண்டு இடைவேளை. கூட்டமே வராத செவ்வாய்க்கிழமை காலையில போட்டா முதலாளிக்கு என்ன நஷ்டம்? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016லயே வந்தாச்சு. கண் தெரியாதவங்க, காது கேக்காதவங்க தியேட்டர்ல படம் பாக்கறதுக்கு மத்திய அரசு 2024 மார்ச்ல தனியா வழிகாட்டுதலும் கொடுத்தாச்சு. எல்லாம் பேப்பர்ல பத்திரமா இருக்கு.

அடுத்தது டிரைவ்-இன். குற்றாலத்துல சீசன் முடிஞ்சா கார் நிறுத்துற இடமெல்லாம் காலியாக் கிடக்கும். தை மாசத்துல இருந்து பங்குனி வரைக்கும் சாரலும் இல்ல, கூட்டமும் இல்ல. அங்க திரை கட்டினா என்னன்னுதான் முதல்ல நெனச்சேன். ஃபாரஸ்ட்ல வேலை பாக்குற நண்பர் திட்டினார். மலையடிவாரத்துல ராத்திரி வெளிச்சமும் சத்தமும் போட்டா காட்டு ஜீவன்கள் கதி என்ன, யானை தோப்புக்குள்ள இறங்குற இடம் அதுன்னார். நியாயம். அதனால மலைப்பக்கம் வேண்டாம். தென்காசி ஊர்ப்பக்கம் ஒரு மைதானம் போதும். ராத்திரி 10 மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாதுங்கிற விதியும் இருக்கு, அதனால ஆறரைக்கே ஆரம்பிச்சுடலாம். காரு இல்லாதவங்களுக்கு ஆட்டோவைத் திருப்பி நிறுத்தினா அதுவும் டிரைவ்-இன்தான். நடுவுல பிளாஸ்டிக் சேர், சக்கர நாற்காலிக்கு இடம். ஓரத்துல நல்ல கழிப்பறை. சாரல் விழாவுல நாய்க் கண்காட்சியும் கொழு கொழு குழந்தைப் போட்டியும் நடத்துற மாவட்டத்துக்கு இது பெரிய வேலையா? நடராசருக்கே சித்திர சபை வச்ச ஊரு குற்றாலம். அங்க சாமியே படமாத்தான் இருக்கார்!

"செலவு யாரு கொடுப்பா, கூட்டம் வருமா?"ன்னு கேப்பீங்க. சின்னதா ஒரு சோதனை பண்ணிப் பாத்தாச்சு.

போன தை மாசம், எங்க வீட்டுப் பின்னால களம். பக்கத்து வீட்டுச் சுண்ணாம்புச் சுவர். நண்பர்கிட்ட கடன் வாங்கின ப்ரொஜெக்டர். காரைச் சுவரைப் பாத்து நிறுத்தி, அப்பாவை முன் சீட்டுல உக்கார வச்சு, சத்தத்தைக் கார் ஸ்பீக்கர்ல விட்டேன். ஓடிடில 'மெய்யழகன்'. கொசுவர்த்தி நாலு. படம் ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல பக்கத்து வீட்டு ஆச்சி கம்பூன்றி வந்து, கார் பின் கதவைத் தானே திறந்து உள்ள உக்காந்துட்டாங்க. அவங்க மாடிப்படி இறங்கியே ஆறு மாசம் ஆச்சுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. எதிர்வீட்டு அண்ணாச்சி ஈசிசேரைத் தூக்கிட்டு வந்தார். கடைசியில எண்ணிப் பாத்தா எங்களையும் சேர்த்து 11 பேர்.

படத்துல அரவிந்த்சாமி தன் பழைய வீட்டுக்குப் போற இடத்துல அப்பா அழுதார். பக்கவாதம் வந்தவங்களுக்குச் சட்டுனு அழுகை வரும், அது நரம்பு சம்பந்தப்பட்ட விஷயம்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு அந்த விளக்கம் எனக்கே தேவைப்படல. கொஞ்ச நேரம் கழிச்சு கார்த்தி பேசுற ஏதோ ஒண்ணுக்கு, எங்க எல்லாருக்கும் முன்னால அவர்தான் சிரிச்சார்.

நடுவுல ரெண்டு தடவை நிறுத்தினோம். ஒண்ணு அப்பாவுக்கு, ஒண்ணு ஆச்சிக்கு.

மறுநாள் காலையில பிசியோதெரபிஸ்ட் வந்தப்போ அப்பா அவர்கிட்ட ஏதோ சொல்லப் பாத்தார். வரல. இடது கையைத் தூக்கி, சுவரைக் காட்டி, விரலால மீசையை முறுக்கிக் காட்டினார். மூணு நாலு பேரு சொல்லிப் பாத்தோம், எல்லாத்துக்கும் இல்லைன்னு தலையாட்டினார். "சிவாஜியா?"ன்னு கேட்டதும் பலமா ஆட்டினார். 'வீரபாண்டிய கட்டபொம்மன்'தான் அடுத்து.

சனிக்கிழமை ஆறரைக்குப் போடறோம். பக்கத்து வீட்டு ஆச்சி முன் சீட்டு தனக்குத்தான்னு இப்பவே சொல்லிட்டாங்க. அப்பாவை எப்படிச் சமாளிக்கறதுன்னுதான் தெரியல.