குழியை வெட்டினவனிடம் பட்டா கேட்டது யார்?

நீலகிரியில், தேவாலாவில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் வெள்ளைக்காரன் காலத்துத் தங்கக்குழி ஒன்று. உண்ணிச்செடி மூடிக் கிடப்பதால் பக்கத்தில் போனால்தான் வாய் தெரியும். போன மழையில் எங்கள் ஆடு அதில் விழுந்தது. இறங்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. இரண்டு நாள் கத்தியது. மூன்றாம் நாள் சத்தம் இல்லை.

அந்தக் குழியை வெட்டினவனை யாரும் ஆக்கிரமிப்பாளன் என்றதில்லை. எங்களைச் சொல்கிறார்கள்.

1879-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து பிரஃப் ஸ்மித் என்ற நிபுணரை வெள்ளைக்கார அரசு வரவழைத்தது. தங்கம் இருக்கிறது என்று அவர் எழுதிக் கொடுத்ததும் லண்டனுக்குப் பித்துப் பிடித்தது. 41 கம்பெனிகள், 50 லட்சம் பவுண்டு மூலதனம்! பட்டுப்போன காப்பித் தோட்டமெல்லாம் தங்கச் சுரங்கமென்று விலைபோனது. பந்தலூரில் குதிரைப் பந்தயத் திடல்கூட வந்தது. பாறையை இடித்துப் பார்த்தால் போட்ட காசுக்குத் தேறவில்லை. சில வருஷத்தில் துரைமார் கப்பலேறிவிட்டார்கள். குழியை மூடிவிட்டுப் போக ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்களுக்கு முன்பே இங்கே மண் அரித்துப் பொன் எடுத்த பணியரையும் குறும்பரையும் அன்றைக்கும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கும் வயிற்றுப்பாட்டுக்காக அந்தப் பொந்துகளில் இறங்கி, மண் சரிந்து சாகிறார்கள். செத்தவன் மேல்தான் பழி.

நாங்கள் எப்படி வந்தோம்? 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று தலை எண்ணிப் பிரித்தார்கள். அதில் என் தாத்தா ஒரு தலை. இங்கே தேயிலைத் தோட்டத்தில் அப்பாயி விடிகாலைப் பெரட்டுக்குப் பேர் கொடுக்க நின்று, அட்டைக்கடியில் ரத்தம் வழிய வழியக் கொழுந்து பறித்தாள். வேலை ஓய்ந்த அன்றே தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். சேர்த்த காசில் இந்த இரண்டு அறையைக் கட்டினோம்.

கரண்டு கேட்டால் பட்டா கொண்டுவா என்கிறார்கள். பட்டா கேட்டால் செக்சன் 17 நிலம் என்கிறார்கள். 1969-இல் போட்ட ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு அது; அதன் வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது. தாத்தாவும் போய்விட்டார், அப்பாவும் போய்விட்டார். தலைமுறை தலைமுறையாக இந்த மலைக்கு உழைத்தவர்கள் அந்நியராம்! சில வருஷம் குடைந்து ஓட்டையாக்கிவிட்டு ஓடினவனுக்குச் சரித்திரத்தில் பக்கம் பக்கமாக இடம்.

ஐயா, பட்டாவை நீங்கள் தரும்போது தாருங்கள். அந்தக் குழியை இந்த மழைக்கு முன் மூடிக் கொடுங்கள். எங்கள் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள்.